என் அக்கா கேட்ட தூக்கு

1

இன்று சுகுணா செத்துப்போன நாள். என் அக்காவின் ஒரே மகள். காலையில் எழுந்து கேழ்வரகுக் களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்து, அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். இங்கே டெக்சாஸில் வாழையிலை ஐஸ் கட்டியாகத்தான் கிடைக்கும். வெந்நீர் ஊற்றிப் பிரித்தால் பாதி கிழிந்துவிடும். அந்தக் கிழிந்த இலையில்தான் மூன்று வருடமாக அவளுக்குப் படைக்கிறேன்.

படைத்து முடித்து ஊருக்குப் போன் போட்டேன். ஆந்திராவில் புத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் அப்போது சாயங்காலம். மணி அடித்து ஓய்ந்தது. அம்சா அக்கா எடுக்கவில்லை. ஒரு மாதமாகவே எடுப்பதில்லை.

வைத்த கையோடு என் மகள் தாரணி காலேஜ் ஹாஸ்டலில் இருந்து கூப்பிட்டாள். நாங்கள் இருக்கும் இந்த மாநிலத்தில் ஒருவனுக்கு இன்று மரண தண்டனை நிறைவேற்றப் போகிறார்களாம். அவளும் சிநேகிதிகளும் ஜெயிலுக்கு வெளியே மெழுகுவத்தி ஏற்றி நிற்கப் போகிறார்களாம். நீயும் வருகிறாயா என்று கேட்டாள். இன்று சுகுணா அக்காவின் நாள் என்று உனக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும்மா. அதான் கூப்பிட்டேன்."

நான் போனை வைத்துவிட்டேன்.

பேப்பரில் எங்கள் வீட்டு வழக்கைப் படித்த ஊர்க்காரர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். நீங்கள் அமெரிக்காவில் கருவைக் கலைக்கக் கூடாது என்று பலகை பிடித்து நிற்பவராமே, அப்புறம் எப்படி ஒருத்தனைத் தூக்கில் போடச் சொன்னீர்கள் என்று. நக்கலாகக் கேட்டவர்களும் உண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பதில் இருக்கிறது என்று நினைத்து யாரும் படிக்க வேண்டாம்.

2

தாரணி என் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில், குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை என்றார்கள். நடக்க முடியாமல் போகலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம், சிறுநீர் தானாகப் போகாமல் இருக்கலாம் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், வேண்டாம் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள் என்றார். என் கணவர் காரில் உட்கார்ந்து அழுதார். இது நமக்கு வேண்டாம் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் எங்களுக்கு ஒரு நாய்கூடப் பழக்கமில்லை.

ஊரிலும் எல்லோரும் கலைத்துவிடச் சொன்னார்கள். என் அக்கா ஒருத்திதான் வேறு மாதிரி பேசினாள்.

"கால் வராட்டி இன்னா? இடுப்புல வச்சிக்கினு போ. நீ கலைச்சிட்டு வந்து என் மூஞ்சில முழிக்காத."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றேன். அப்போது பக்கத்து வீட்டு டெபி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, என் பெயர்கூடச் சரியாகத் தெரியாமலே எனக்குத் தினமும் சூப் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய சர்ச் பெண்கள் ஒரு கிளினிக் எதிரே சனிக்கிழமைதோறும் நின்று ஜெபம் செய்வார்கள். நான் இந்துதான், சாமி கும்பிடுவது வெங்கடேசப் பெருமாளை. ஆனாலும் தாரணியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அவர்களோடு போய் நின்றேன். "எந்த உயிரை எடுக்கவும் நாம் யார்" என்று எழுதிய பலகையை வருடக்கணக்காகப் பிடித்தேன். சட்டம் மாறி அந்தக் கிளினிக்கை மூடிவிட்டார்கள். இப்போது டயப்பரும் குழந்தைத் துணியும் சேர்த்து ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுக்கிறோம்.

தாரணிக்கு எத்தனையோ ஆபரேஷன். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்து நடக்கப் பழகுகிற வரை, என்னைப் பார்த்தால் கையைத் தூக்கிக்கொண்டு "அம்மா, தூக்கு" என்பாள். அவளுடைய முதல் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அவள் தமிழ் அதற்குப் பிறகு பெரிதாக வளரவில்லை. அதனால்தான், பின்னால் ஒரு நாள் அக்கா போனில் "அவனுக்குத் தூக்குதான் வேணும்" என்று கத்தியபோது, பக்கத்தில் இருந்த இவள் ஒன்றும் புரியாமல், யாரை யார் தூக்கணுமாம் என்று என்னிடம் கேட்டாள். நான் கழுத்தில் கை வைத்துக் காட்டினேன். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் என் பெண்ணுக்குத் தெரிந்தது.

3

சுகுணாவைக் கட்டிக் கொடுத்தது புத்தலப்பட்டில். மாப்பிள்ளை ரவி. மாந்தோப்பும் கிணறும் இருந்த குடும்பம். அதோடு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அமைதியான பையன் என்றுதான் எனக்கும் தோன்றியது. முதல் குழந்தை ஹாசினி. பெண். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது தங்கியபோது, சொல்லக் கூடாததைச் சொல்கிற ஒரு இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அதுவும் பெண் என்று தெரிந்தது. ரவியும் அவன் அம்மா சரோஜாவும் கலைக்கச் சொன்னார்கள். சுகுணா ஹாசினியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து எனக்கு வீடியோவில் பேசினாள். நான் தாரணியைக் கூப்பிட்டு ஊன்றுகோலோடு ஹாலில் நடந்து காட்டச் சொன்னேன்.

"சின்னம்மா, நீ அப்போ பயப்படவே இல்லியா?" என்று சுகுணா கேட்டாள்.

பயந்தேன், பயந்துகொண்டேதான் பெற்றேன் என்றேன். அவள் அம்மாவும் பெத்துக்கோ, நாங்க பார்த்துக்கிறோம் என்றாள். சுகுணா கலைக்கவில்லை.

ஏழாம் மாதம் ரவி வந்தான். அக்காவின் காலில் விழுந்தான். எனக்கு அறிவு வந்துவிட்டது அத்தை, சீமந்தத்தை எங்கள் வீட்டில் செய்கிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான். ஹாசினி ஜுரமாகப் படுத்திருந்ததால் அக்காவிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் தோப்புக் கிணற்றில் சுகுணாவைத் தள்ளிவிட்டான். அவளுக்கு நீச்சல் தெரியும், எங்கள் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும். வயிற்றில் குழந்தையோடு நீந்தி வந்து படியைப் பிடித்தாள். அவன் படியில் இறங்கி நின்று ஏற விடவில்லை. பக்கத்துத் தோப்பில் மோட்டார் போட வந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்ததால்தான் இதெல்லாம் வெளியே வந்தது. அவர் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

இதை எழுதுவதற்கு எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

காரியமெல்லாம் ஆன பிறகு அக்கா ஒரு ஆபீசுக்கு நடையாக நடந்தாள். சுகுணாவுக்கு மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள். குழந்தைக்கும் ஒன்று வேண்டும் என்று இவள் கேட்டாள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் இல்லை, பிறந்த பதிவு இல்லை, பிறகு இறப்பை எதில் எழுதுவது என்று தெலுங்கில் நயமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் போட்ட வழக்கில் மட்டும் வயிற்றுப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு செக்ஷன் இருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் ரெண்டு உயிரை எடுத்திருக்கிறான், அவனுக்கு இருப்பது ஒன்று, அதைக் கொடுக்கட்டும் என்பாள். வேறு எதையும் அவள் பேசுவதை விட்டுவிட்டாள்.

நானும் அதையேதான் சொன்னேன். வயிற்றில் இருப்பது உயிர் என்று இத்தனை வருடம் பலகை பிடித்தவள், அந்த உயிரைக் கொன்றவனுக்குத் தூக்கு கேட்காமல் எப்படி இருப்பேன்? எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் தெரிந்தது.

4

தண்டனை சொல்கிற அன்று நான் சித்தூர் கோர்ட்டில் இருந்தேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் என் அமெரிக்க பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செத்துப்போன பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று தெலுங்கில் கேட்டார். எனக்குத் தெலுங்கு வாயில் வரவில்லை, இங்கிலீஷ் வந்தது. எங்கள் ஊர் சந்தையில் தெலுங்கு பேசி வளர்ந்தவள் நான். அக்காதான் நடுவில் புகுந்து "பின்னி அவுதுந்தி சார்", சின்னம்மா ஆகணும் என்று சொல்லி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஜட்ஜ் தூக்கு என்று சொன்னபோது அக்கா அழவில்லை. கை கூப்பினாள். ரவி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இளைத்திருந்தான். அவனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வராண்டாவில் அவன் அம்மா சரோஜா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். அந்தக் கையை உதறத்தான் நினைத்தேன்.

"நாந்தாம்மா கலைக்கச் சொன்னவ," என்றாள். "அவன் என் பேச்சக் கேட்டுக்கினு ஆடினான். என்னத் தூக்குல போடச் சொல்லு. நீ பச்சக் கருவுக்கே பாவம் பாக்கிறவளாமே. அவனும் என் வயித்துல கெடந்தவன்தானே?"

அக்கா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். கலைக்கச் சொன்ன வாய்க்கு இன்றைக்கு வயிறு ஞாபகம் வருகிறதாக்கும் என்று ஆட்டோவில் வரும்போது சொன்னாள். எனக்கும் அப்படித்தான் ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தப் பிடி என் மணிக்கட்டை விட்டுப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, திருப்பதி மலைப்படி தொடங்குகிற அலிபிரிக்குப் போனோம். அவனுக்குத் தூக்கு கிடைத்தால் மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினேன். அவள் குனிந்து குனிந்து வைத்தாள். சுற்றிலும் அப்படி வைத்துக்கொண்டு ஏறுகிற பெண்கள் நிறைய. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகணும், ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பக்கத்தில் வந்த தெலுங்குப் பெண் அக்காவைப் பார்த்துச் சிரித்து, என்ன வேண்டுதல் அம்மா, பெண்ணுக்காகவா என்று கேட்டாள். அக்காவும் "அவுனம்மா, அம்மாயி கோசம்" என்றாள். ஆமாம், பெண்ணுக்காகத்தான். அந்தப் பெண், நல்லபடியாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

வழியில் இருந்த கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். பெருமாளிடம் போய் ஒருத்தனைக் கொல்லச் சொல்லிக் கேட்கலாமா அக்கா, அவன் ஆயுசுக்கும் உள்ளேயே கிடந்தால் போதாதா, ஹாசினிக்கு அப்பன் அவன்தானே என்று. இத்தனை நாள் அவளோடு சேர்ந்து தூக்கு கேட்ட என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபப்படவில்லை.

"உனுக்கு உன் பொண்ணு கீது ரேவதி," என்றாள். "அதான் உனுக்கு தர்மம் வருது."

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தனியாக ஏறினாள். நான் பத்துப் படி பின்னால் போனேன்.

5

திரும்பி வந்து டெபியிடம் சொன்னேன். அவருக்குக் குழப்பமே இல்லை. வயிற்றில் இருக்கிற குழந்தை ஒரு பாவமும் செய்யாதது, அவன் செய்தவன், இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் அநியாயம் என்றார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் அன்பு பொய்யில்லை. அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

தாரணி விடவில்லை. அவள் பாதி இங்கிலீஷிலும் பாதி உடைந்த தமிழிலும் கேட்டதை நான் அப்படியே எழுத முடியாது. சாரம் இதுதான்: குற்றமில்லாததால்தான் காப்பாற்றுகிறீர்கள் என்றால், நீங்கள் காப்பது உயிரை இல்லை, குற்றமில்லாமையை. அப்புறம் ஏன் பலகையில் எந்த உயிரையும் என்று எழுதினீர்கள்?

எனக்குச் சுரீர் என்றது. நீ மட்டும் என்ன, கருவைக் கலைப்பது பெண்ணின் உரிமை என்று ஊர்வலம் போகிறவள் கொலைகாரனுக்கு மெழுகுவத்தி பிடிக்கிறாயே, அந்த உயிர் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா, நீயே அப்படிப் போயிருக்க வேண்டியவள்தானே என்று கத்தினேன்.

"நீ என்னைப் பெத்தது நீ எடுத்த முடிவும்மா. யாரும் உன்னைக் கட்டிப் போட்டுப் பெக்க வைக்கல. சுகுணா அக்காவும் முடிவு எடுத்தா. அதை அவன் ஒத்துக்கல, அதான் கொன்னான்," என்றாள். பெறுகிறவள் உடம்புக்குள் நடப்பதும், ஒருத்தனைக் கையைக் கட்டிப் படுக்க வைத்து அரசாங்கம் நம் பேரில் ஊசி போட்டுக் கொல்வதும் ஒன்றில்லை என்றாள்.

அவள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்ள முடிந்தது, மீதியை முடியவில்லை. இன்றும் முடியவில்லை. கரு உயிர்தான் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை நூலாகப் பிடித்துக்கொண்டே போனால், அது ரவி இருக்கிற கொட்டடியில், அவனும் உயிர்தான் என்று போய் முடிகிறது. அங்கே போக எனக்குக் கால் வரவில்லை. திரும்பி வரவும் வழி தெரியவில்லை. நான் வேலை பார்க்கும் பார்மசியில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கை விட்டுப்போகும். கண் முன்னால் கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டிருக்கிற சுகுணா வருவாள். உடனே தூக்கில் போடு என்று மனசு கத்தும். அடுத்த நிமிஷம் அந்தக் கிழவி சரோஜாவின் கைப்பிடி.

6

போன மாதம் ஹைகோர்ட் தண்டனையைக் குறைத்தது. தூக்கு இல்லை. சாகிற வரை ஜெயில், நடுவில் விடுதலை கிடையாது.

அக்கா வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னாள். அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒரு பாரம் இறங்கியது நிஜம். அதை அவள் பார்த்துவிட்டாள். என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவளுக்கு என் முகம் தெரியாதா?

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாமாம், டில்லியில் ஒரு வக்கீல் வேண்டுமாம். நீ வந்து என்னோடு நில், எனக்குப் பாஷையும் தெரியாது, ஊரும் தெரியாது என்றாள். அக்கா என்னிடம் இது வரை எதையும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க இன்னா கீது?" என்றாள். அவ்வளவுதான். திரை இருண்டது.

அன்றிலிருந்து எடுப்பதில்லை. என் கணவர், வேண்டுமென்றால் டிக்கெட் போடுகிறேன், போய் அவளோடு நில், அவள் உன் அக்கா என்கிறார். தாரணியோ, அந்த மனுவில் நீ நின்றால் நான் உன்னோடு எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை என்கிறாள். மிரட்டவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். இந்தப் பெண்ணைப் பெறச் சொன்னவள் ஒரு பக்கம், அப்படிப் பெற்ற பெண் ஒரு பக்கம். மேல்முறையீட்டுக்குக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் டயப்பர் மூட்டை கட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

7

இதுவரை எழுதிவிட்டு எழுந்தபோது போன் அடித்தது. அக்காவின் நம்பர். பாய்ந்து எடுத்தேன். திரையில் ஹாசினி. ஏழு வயது இப்போது. முன்பல் விழுந்திருந்தது. ஆயா கோயிலுக்கு விளக்கேற்றப் போயிருக்கிறது, நானே போட்டேன் என்றாள்; பாட்டியை அவள் ஆயா என்பாள். அவளுக்குப் பின்னால் சுகுணாவின் மாலை போட்ட படம் தெரிந்தது.

அம்மா செத்துப்போனது அவளுக்குத் தெரியும், கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று. அப்பனைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாள் அக்கா என்று நான் கேட்டதே இல்லை.

"சின்ன ஆயா, எங்க நைனா அங்கதானே வேல செய்யறாரு? அமெரிக்காவுல? கொஞ்சம் போனக் குடேன்."

இங்கே இருக்கிறார் என்று யார் சொன்னது என்று கேட்டேன். ஆயாதான் சொன்னது என்றாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வேறு மாதிரி சொல்றாங்க, அத்தொட்டு நானே கேக்கிறேன் என்றாள். நான், அவர் இப்போது இங்கே இல்லை, வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். நெற்றியில் விபூதி. கேட்டுக்கொண்டே வந்திருக்க வேண்டும். போனைப் பிடுங்குவாள், வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவன் செத்திருந்தா ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிருப்பேன் ரேவதி," என்றாள். "இப்ப உயிரோட கீறான். நீ கேட்ட மாதிரியே கீறான். எப்ப வருவான்னு நீயே சொல்லு இவகிட்ட."

ஹாசினியை இழுத்துத் திரைக்கு நேராக உட்கார வைத்தாள். குழந்தை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, நான் சொல்லப் போவதைக் கேட்கத் தயாராக என்னையே பார்த்தது.